முக்கோணத்தில் வட்டமிட்ட எண்கள்

கட்டம் போட்ட நோட்டில் ஒரு மாலை எண்களை இப்படி எழுதினேன். முதல் வரியில் 1. அடுத்த வரியில் 2, 3. அதற்கடுத்து 4, 5, 6. பிறகு 7, 8, 9, 10. எத்தனையாவது வரியோ அத்தனை எண்கள். எல்லா வரிகளும் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக முடிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இருபது வரிகள் எழுதியதும் 210 வந்துவிட்டது. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துப் பகா எண்களுக்கெல்லாம் வட்டம் போட்டேன். மொத்தம் 46 வட்டங்கள்.

வேறு எதையும் எதிர்பார்த்து இதைச் செய்யவில்லை. முக்கோண எண்கள் மேல் நெடுநாள் ஆசை. 1, 1+2, 1+2+3 என்று கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் 1, 3, 6, 10, 15, 21, 28 என்ற வரிசைதான் அவை. புள்ளிகளை அடுக்கினால் முக்கோணமாக அமையும் என்பதால் அந்தப் பெயர். என் படத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு முக்கோண எண்ணில் முடிகிறது. பகா எண்கள் இந்த அடுக்கில் எங்கே விழுகின்றன என்று பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்த்தேன்.

வட்டமிட்டு முடித்துச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தபோது, மேலிருந்து கீழாக வெறும் பத்திகள் தெரிந்தன. வலது ஓரத்திலிருந்து எண்ணினால் முதல் பத்தியில் 3 என்ற ஒரே வட்டம். இரண்டாம் பத்தியில் 2, 5 என்ற இரண்டு வட்டங்கள், அதன் கீழே ஒன்றுமில்லை. மூன்றாம் பத்தி செழிப்பாக இருக்கிறது: 13, 19, 43, 53, 89, 103, 151. நான்காம் பத்தியில் உச்சியில் 7 மட்டும், அதன் கீழே 12, 18, 25, 33, 42 என்று எல்லாம் பகு எண்கள். ஐந்தும் ஆறும் மறுபடி உயிரோடு இருக்கின்றன. ஏழாம் பத்தி 22, 30, 39, 49, 60, 72, 85 என்று இறங்குகிறது; ஒரு வட்டம்கூட இல்லை. பதினொன்றாம் பத்தியும் பதினாறாம் பத்தியும் அப்படியே.

இரண்டே எண்கள் கொண்ட பத்தொன்பதாம் பத்தியை ஒதுக்கிவிட்டு, வெறுமையான, அல்லது ஏறக்குறைய வெறுமையான பத்திகளின் வரிசை எண்களைத் தனியே எழுதிப் பார்த்தேன்: 1, 2, 4, 7, 11, 16. முக்கோணத்தின் இடது ஓரத்தில், ஒவ்வொரு வரியும் தொடங்கும் எண்கள் இவையேதான். அதைக் கண்ட கணத்தில் எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

காரணம் எளிது. எளிது என்பதால் அதன் அழகு குறையவில்லை. முதல் பத்தியில் இருப்பவை முக்கோண எண்கள். இரண்டாம் பத்தியில் அவற்றிலிருந்து 1 குறைவு, நான்காவதில் 3 குறைவு, ஏழாவதில் 6 குறைவு. அதாவது ஒரு முக்கோண எண்ணிலிருந்து இன்னொரு முக்கோண எண்ணைக் கழித்தால் வருபவை. 1 முதல் 9 வரை கூட்டி, அதிலிருந்து 1 முதல் 3 வரையிலான கூட்டலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 4+5+6+7+8+9. அடுத்தடுத்த எண்களின் கூட்டல் எப்போதும் ஒரு பெருக்கலாக மாறிவிடும்: எத்தனை எண்களோ அதை அவற்றின் சராசரியால் பெருக்கினால் போதும். இங்கே ஆறு எண்கள், சராசரி ஆறரை, ஆகவே 39. அது 3 × 13 என்று பிரிந்துவிடுகிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அடுத்தடுத்த எண்களைக் கூட்டினால் இப்படிப் பிரியாமல் தப்ப முடியாது. 1+2 ஆகிய 3 தப்பியது, இரண்டே எண்கள் என்பதால். 3+4 ஆகிய 7 தப்பியதும் அதனால்தான். ஏழாம் பத்தியில் உச்சியிலேயே நான்கு எண்கள் கூடிவிடுகின்றன. அங்கே பகா எண்ணுக்கு வாசலே கிடையாது.

இதைத் திருப்பிப் போட்டால் பகா எண்களுக்கு ஒரு புதிய அடையாளம் கிடைக்கிறது. 1-ஐயும் 2-ஐயும் விட்டுவிடுவோம். ஓர் ஒற்றைப்படை எண்ணை அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எத்தனை விதத்தில் எழுதலாம்? 13-ஐ 6+7 என்று எழுதலாம், வேறு வழியில்லை. 15-ஐ 7+8, 4+5+6, 1+2+3+4+5 என்று மூன்று விதமாக எழுதலாம். எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் இரண்டு எண்களின் கூட்டல் என்ற வழி நிச்சயம் உண்டு. அது ஒன்று மட்டுமே இருந்தால் அந்த எண் பகா எண். வகுத்தல் என்ற சொல்லே வராமல், கூட்டலை மட்டும் வைத்துச் சொல்லப்பட்ட வரையறை இது. பள்ளியில் பகா எண்ணை அறிமுகப்படுத்தும்போது இதையும் ஒருமுறை சொல்லலாம் என்று ஆசைப்படுகிறேன்.

பத்திகள் இப்படி முழுமையாகப் பேசிவிட்டன. இடது ஓரத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே முக்கோண எண்ணுடன் 1 கூட்டியவை நிற்கின்றன: 2, 4, 7, 11, 16, 22, 29, 37, 46, 56, 67, 79. என் இருபது வரிகளில் ஒன்பது வரிகள் பகா எண்ணில் தொடங்கின. 1-ஐக் கழித்தால் 2-க்கும் 5-க்கும் பிறகு ஒன்றுமே இல்லை. 1-ஐக் கூட்டினால் இத்தனை வளம். இந்த வளம் தீராமல் தொடருமா? தொடரும் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள், ஆனால் நிரூபித்தவர் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு மாறியின் வர்க்கம் வரும் எந்தக் கோவையை எடுத்துக்கொண்டாலும், அது முடிவில்லாமல் பகா எண்களைத் தரும் என்று இதுவரை ஒன்றுக்குக்கூட நிரூபணம் கிடையாது. ஒரு வர்க்க எண்ணுடன் 1 கூட்டிக் கிடைக்கும் பகா எண்களுக்கு முடிவு உண்டா என்பதை 1912-லேயே எட்மண்ட் லாண்டாவ் பெரும் புதிர்களில் ஒன்றாக எடுத்துவைத்தார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

அதே வர்க்கக் கோவைகளில் ஒன்று தந்த விந்தையைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. முக்கோண எண்களை இரட்டிப்பாக்கி ஒவ்வொன்றுடனும் 41 கூட்டுங்கள். சுழியத்தில் தொடங்கினால் 41, 43, 47, 53, 61, 71, 83 என்று வரும். தொடர்ந்து 40 எண்கள், கடைசியாக வரும் 1601 வரை, அத்தனையும் பகா எண்கள். நாற்பத்தொன்றாவது எண் 1681, அது 41-இன் வர்க்கம். ஆய்லர் இந்த வரிசையை 1772-இல் எழுதினார். 41-க்குப் பதிலாக 17-ஐ வைத்தால் 16 எண்கள், 11-ஐ வைத்தால் 10 எண்கள் இப்படித் தொடரும். 41-ஐவிடப் பெரிய எண் எதற்கும் இந்தத் தகுதி கிடையாது என்பதை 1952-இல் கூர்ட் ஹேக்னர் நிரூபித்தார். அவருடைய நிரூபணத்தில் ஓட்டை இருப்பதாகக் கருதி அதை ஒதுக்கிவைத்தார்கள். அவர் 1965-இல் இறந்தார். அதன் பிறகே ஆலன் பேக்கரும் ஹரால்ட் ஸ்டார்க்கும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்தார்கள். ஹேக்னரின் வழி அடிப்படையில் சரியானதே என்பதும் தெளிவாயிற்று. 41 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

சரி, நோட்டுக்குத் திரும்புகிறேன். அடுத்து நான் செய்தது கூட்டல். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதை ஒரு பகா எண்ணும் ஒரு முக்கோண எண்ணும் சேர்ந்ததாக எழுத முடிகிறதா என்று பார்ப்பது. சுழியத்தையும் முக்கோண எண்ணாகவே கொள்ளலாம். 8 என்றால் 5+3. 9 என்றால் 3+6. 12 என்றால் 11+1. விறுவிறுவென்று போனது. 36-இல் முதல் தடை. 36, 35, 33, 30, 26, 21, 15, 8 என்று எந்த முக்கோண எண்ணைக் கழித்தாலும் பகு எண்ணே மிஞ்சியது. சற்று யோசித்ததும் புரிந்தது: 36 தானே ஒரு முக்கோண எண். அதிலிருந்து முக்கோண எண்ணைக் கழிப்பது, மேலே சொன்ன வெறும் பத்திகளில் போய்த் தேடுவதற்குச் சமம். எட்டாவது முக்கோண எண்ணுக்கு மீளும் வழிகள் இரண்டே: 8 பகா எண்ணாக இருக்க வேண்டும், அல்லது 7+8 பகா எண்ணாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. 105, 171, 210 ஆகியவையும் இதே காரணத்தால் மாட்டிக்கொள்கின்றன. ஆகவே பகா எண் இருக்க வேண்டிய இடத்தில் சுழியத்துக்கும் இடம் கொடுத்துவிட்டால், முக்கோண எண்களை நியாயமாகவே விட்டுவிடலாம்.

அந்தச் சலுகையோடு தொடர்ந்தேன். நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது. 216-இல் பென்சில் நின்றுவிட்டது.

முதலில் நான் தவறு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். 216 முக்கோண எண் இல்லை, 36-க்குச் சொன்ன காரணம் இங்கே செல்லாது. 0 முதல் 210 வரை உள்ள 21 முக்கோண எண்களையும் ஒவ்வொன்றாகக் கழித்து எழுதினேன்: 216, 215, 213, 210, 206, 201, 195, 188, 180, 171, 161, 150, 138, 125, 111, 96, 80, 63, 45, 26, 6. இவற்றில் 161 மட்டும் கொஞ்ச நேரம் என்னை ஏமாற்றியது. பார்வைக்குப் பகா எண்ணின் சாயல் அதற்கு உண்டு. 7 × 23 என்று பிரிந்ததும் பட்டியல் மூடிவிட்டது. ஒன்றுகூட இல்லை.

ஏன் 216? அன்றிரவு இதை விடாமல் துருவினேன். முக்கோண எண்களை 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும், 2 வரவே வராது. மூன்றில் இரண்டு பங்கு முக்கோண எண்கள் 3-ஆல் மீதியின்றி வகுபடும். 216-உம் 3-ஆல் வகுபடும் எண். ஆகவே 21 கழித்தல்களில் 14 தொடக்கத்திலேயே 3-க்குப் பலியாகின்றன. மீதமிருப்பவை ஏழு: 215, 206, 188, 161, 125, 80, 26. அவற்றில் நான்கு இரட்டைப்படை எண்கள், அவையும் போயின. எஞ்சியவை 215, 161, 125 என்ற மூன்றே எண்கள். அந்த மூன்றும் 5 × 43, 7 × 23, 5 × 5 × 5 என்று உடைந்துவிட்டன. இருபத்தொரு வாய்ப்புகள் போலத் தெரிந்தது உண்மையில் மூன்று வாய்ப்புகள். மூன்றும் தவறிப்போவது அதிசயமில்லை. எண் பெரிதாகப் பெரிதாக வாய்ப்புகள் பெருகும், அத்தனையும் ஒருசேரத் தவறுவது மேன்மேலும் அரிதாகும். இதற்குப் பிறகு இப்படி ஓர் எண் வராது என்று மனம் சொன்னது.

நாஞ்சிங் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஜிவெய் சுன் 2008-இல் முன்வைத்த ஊகம் இதுவே: 216 ஒன்றைத் தவிர எந்த இயல் எண்ணையும் ஒரு முக்கோண எண்ணும், ஒரு பகா எண்ணோ சுழியமோ சேர்ந்ததாக எழுதலாம். கணினிகளை வைத்து வெகுதூரம் தேடியும் இரண்டாவது விதிவிலக்கு அகப்படவில்லை.

ஆனால் மனம் சொல்வதை நம்பக்கூடாது என்பதற்கும் இந்தத் துறையிலேயே சாட்சி உண்டு. ஒற்றைப்படை எண் எதையும் ஒரு பகா எண்ணும், ஒரு வர்க்க எண்ணின் இரு மடங்கும் சேர்ந்ததாக எழுதலாம் என்று 1752-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அசையாமல் நின்றது. 1856-இல் மோரிட்ஸ் ஸ்டெர்ன் 5777, 5993 என்ற இரண்டு எண்களைக் காட்டினார், அவற்றை அப்படி எழுத முடியாது. 5777 வரை கையால் கணக்குப் போட்டு வந்த அந்த உழைப்பை நினைத்தால் என் ஒற்றை இரவு எனக்குச் சிறிதாகத் தோன்றுகிறது. 5993-க்குப் பிறகு இன்றுவரை மூன்றாவது எண் கிடைக்கவில்லை என்பது வேறு செய்தி.

பகா எண்ணை ஒதுக்கிவிட்டு முக்கோண எண்களை மட்டுமே கூட்டினால் கதை மாறிவிடும். 1796 ஜூலை 10 அன்று, 19 வயது காஸ் தன் நாட்குறிப்பில் ‘யுரேகா’ என்று எழுதி, அதன் பக்கத்தில், எந்த எண்ணும் மூன்று முக்கோண எண்களின் கூட்டல் என்பதைக் குறித்துவைத்தார். அது தேற்றம். ஊகம் இல்லை. 216-ஐயும் அது விட்டுவிடவில்லை: 210+6+0. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் மூன்று முக்கோணங்கள் போதும். இரண்டே போதுமா என்றால் சிலவற்றுக்குப் போதும், சிலவற்றுக்குப் போதாது. 7, 11, 13 ஆகியவற்றுக்குப் போதும். 5, 17, 19, 23 ஆகியவற்றுக்குப் போதாது. அந்த எண்ணை நான்கால் பெருக்கி 1 கூட்டினால் கிடைப்பது இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அமைகிறதா என்பதைப் பொறுத்தது அது. 13-க்கு 53, அதாவது 49+4. 5-க்கு 21, அதை அப்படி எழுத முடியாது.

கூட்டலும் பெருக்கலும் நேருக்கு நேர் சந்திக்கும் ஓரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. அதே எண்களைக் கூட்டினால் 21. 720-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி 6. 1 முதல் 10 வரை பெருக்கினால் 36,28,800, கூட்டினால் 55, வகுத்தால் மீதி 10. கடைசி எண்ணே மீதியாக நின்றால், அதற்கு அடுத்த எண் பகா எண். இங்கே 7, அங்கே 11. 1 முதல் 8 வரை செய்து பார்த்தால் 40,320-ஐ 36 மீதியின்றி வகுத்துவிடும். 9 பகா எண் இல்லை. 2-ஐ விடுத்து, 3 முதல் எல்லா எண்களுக்கும் இது பிசகாது. பெருக்கலை வைத்துப் பகா எண்ணை அடையாளம் காணும் வில்சன் தேற்றத்தின் இன்னொரு முகம்தான் இது. பெரிய எண்களைச் சோதிக்க இது பயன்படாது, பெருக்கல் அவ்வளவு பூதாகரமாகிவிடும். பயன்பாட்டுக்காக நான் இதை விரும்பவில்லை.

வலது ஓரத்தை ஒரேயடியாக வறண்டது என்று சொல்லிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும். அங்கே 3-ஐ விட்டால் பகா எண்கள் இல்லை, உண்மை. ஆனால் 6, 28, 496, 8128 ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமாக இருக்கும் நிறைவெண்கள் இவை: 28 என்றால் 1+2+4+7+14. இவை எந்த வரிகளின் முடிவில் வருகின்றன என்று பாருங்கள்: 3, 7, 31, 127. நான்கும் பகா எண்கள், நான்கும் 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1 குறைந்தவை. இப்படிப்பட்ட மெர்சென் பகா எண் வரிசை எண்ணாக வரும்போதெல்லாம் அந்த வரி நிறைவெண்ணில் முடியும் என்பது யூக்ளிட் காலத்துச் செய்தி. இரட்டைப்படை நிறைவெண்கள் வேறெங்கும் இல்லை என்பது ஆய்லர் நிரூபித்தது. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்தது, 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. என் முக்கோணத்தை அத்தனையாவது வரி வரை நீட்ட முடிந்தால் அந்த வரியின் கடைசியிலும் ஒரு நிறைவெண் காத்திருக்கும்.

இனி வரிகளைப் படுக்கைவாட்டில் பார்க்க வேண்டும். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. முதல் வரியை விட்டுவிட்டால், ஒவ்வொரு வரியிலும் குறைந்தது ஒரு வட்டமாவது இருக்கிறது. மூன்றாம் வரியில் 5 மட்டும். நான்காம் வரியில் 7 மட்டும். ஏழாம் வரியில் 22 முதல் 28 வரை உள்ள ஏழு எண்களில் 23 மட்டும். அதற்குப் பிறகு என் பக்கத்தில் ஒற்றை வட்டத்தோடு நின்ற வரி இல்லை. பதினாறாம் வரி சற்றே பயமுறுத்தியது. 121-இல் தொடங்கி 127 வரும்வரை ஒன்றுமில்லை, பிறகு 131, அவ்வளவுதான். பதினேழாம் வரியில் நான்கு.

வட்டமே இல்லாத வரி என்றாவது வருமா? யாராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களுக்கு இடையே ஒரு பகா எண் உண்டு என்ற லெஜாண்டரின் ஊகத்துக்கு இது உடன்பிறந்த கேள்வி. அதைவிடச் சற்றுக் கடினம்கூட, ஏனென்றால் முக்கோண எண்களுக்கு இடையிலான இடைவெளி வர்க்கங்களுக்கு இடையிலானதைவிடக் குறுகியது. ஒரு வரியின் நீளம், அதில் உள்ள எண்களின் இரு மடங்குக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் அளவு. அதாவது அடுக்கு 0.5. ரோஜர் பேக்கர் (மேலே சொன்ன ஆலன் பேக்கர் வேறு), ஹார்மன், பிண்ட்ஸ் மூவரும் 2001-இல் நிரூபித்தது அடுக்கு 0.525 வரை: போதுமான அளவு பெரிய எண்களுக்கு, அவ்வளவு நீளமான இடைவெளியில் பகா எண் நிச்சயம் உண்டு. 0.025 என்ற வித்தியாசம் கையெட்டும் தூரம் போல இருக்கிறது. 1-க்குப் பின் 100 சுழியங்கள் போட்ட எண்ணருகே போனால், நிரூபிக்கப்பட்ட நீளம் என் வரியின் நீளத்தைப் போல 200 மடங்குக்கும் அதிகம். பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளை உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் இந்தக் கேள்வி தீராது. அது தரும் இடைவெளியும் வர்க்கமூலத்தைவிடக் கொஞ்சம் நீளமானது.

ஒரே தாள், ஒரே முக்கோணம். மேலிருந்து கீழாகப் பார்த்தால் எந்தப் பத்தி ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதற்குப் பள்ளி மாணவரும் நிரூபணம் எழுதிவிடலாம். அதே தாளை இடமிருந்து வலமாகப் பார்த்தால் உலகத்தில் ஒருவரிடமும் விடை இல்லை. இதை நினைத்து நான் மலைத்துப்போன இரவுகள் பல.

பக்கத்தின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது. இருபத்தொன்றாம் வரியை எழுதினேன், 211 முதல் 231 வரை. 211-க்கு வட்டம் போட்டேன், பிறகு 223, 227, 229. நான்கு வட்டங்கள், குறையில்லை. 211-க்கும் 223-க்கும் நடுவே பதினோரு எண்கள் வட்டமில்லாமல் கிடந்தன. இடமிருந்து ஆறாவதாக, அந்த வெற்றிடத்துக்குள், 216 இருந்தது.